போபோவை ஒப்படைத்த பிறகு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உங்கள் கார் முச்சந்தியில் திரும்பி மறையும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே வந்து காற்றாடியை அணைக்கப் போனவன், அணைக்காமலே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் நாய் போபோவுக்காக ராவும் பகலும் ஓடிய காற்றாடி அது. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் "சாப்ட்டியா, காடி சர்வீஸ் போட்டியா" என்பதைத் தாண்டியதில்லை; நீயும் "ம், ம்" என்பதைத் தாண்டியதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

ஷர்மிளா காரைவிட்டு இறங்கவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இறங்காமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. கண்ணாடியை இறக்கி, "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டாள். "சாப்ட்டேம்மா" என்றேன். நீங்கள் ஜொகூரில் இருந்த நாளெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அது தொண்டைவரை வந்தது. வாயிலிருந்து விழுந்ததோ, "வழியில எங்கயும் வெயில்ல நிறுத்தாதீங்க" என்பதுதான். அவள் தலையாட்டினாள். போபோ அவள் மடியில் ஏறியதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாயை நன்றியுள்ள பிராணி என்பார்கள். அந்த நன்றி யாருக்கு உரியது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. அவனையும் குறை சொல்ல மாட்டேன்.

நாய் என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒரு நாயாவது கிடக்கும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் பாம்பு பூச்சி பார்த்துக்கொண்டு ஓடும். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும். மிச்சக் குழம்புச் சோற்றைத் தின்னும். வீட்டுக்குள் கால் வைத்தால் விளக்குமாறு பறக்கும். வேலை செய்கிற நாய்க்குத்தான் பேர் வைப்பார்கள்; மற்றதெல்லாம் வெறும் "ச்சீ போ"தான். அப்படி வளர்ந்தவனிடம்தான் நீ போன வருஷம் ஒரு படத்தை அனுப்பினாய். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு சீனக் குடும்பம் விட்டுப்போன பக் நாயை நீங்கள் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாய். சப்பை மூக்கு, முழிக்கிற கண், நெற்றியெல்லாம் கிழவனுடைய சுருக்கம். "யாருடா இதை மூஞ்சியிலேயே குத்துனது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். பக்கத்தில் ஷர்மிளாவும் சிரித்தது கேட்டது. அவள் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தீபாவளிக்கு முந்தின நாளைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசவே இல்லை. நான்தான் ஆரம்பிக்க வேண்டும். உன் அம்மா போன பிறகு வந்த முதல் தீபாவளி. பலகாரம் கிடையாது, பட்டாசு கிடையாது, படையல் மட்டும். பாலிங்கிலிருந்து உன் அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்து வைத்து, தலைவாழை இலை போட்டு, கோழிக் குழம்பு, பொரித்த மீன், அவள் உயிரை விடுகிற லக்சா நூடுல்ஸ் என்று எல்லாம் வைத்தோம். நீங்கள் போபோவோடு வந்து இறங்கியதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். படையல் முடியும்வரை நாய் உள்ளே வரக்கூடாது என்றேன். கார் நிறுத்துகிற இடம் அனலாகக் கொதிக்கிறது என்று ஷர்மிளா அவனைப் பின்பக்கம் நிழலில் கட்டினாள். எண்ணெய்ப் புகை போவதற்காக அடுப்படிப் பின்கதவைத் திறந்துவைத்தது நான். அதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டி, முன்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம். செத்துப்போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போக ஆளில்லாத வீடு வேண்டும் என்பது நம் வழக்கம். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. உன் அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணி வந்துட்டாங்கண்ணே" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு உன் அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அப்படித்தான் மூச்சு விட்டாள். பக்கத்தில் படுத்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். நான் நம்பினேன், தம்பி. சிரிக்காதே. ஒரே ஒருமுறை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று, திறக்கக்கூடாத நேரத்தில் கதவைத் திறந்தேன். அங்கே உன் போபோ, கழற்றிக்கொண்டு வந்த கயிற்றை இழுத்தபடி, அவள் புடவைமேல் நின்றுகொண்டு லக்சாவுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

நாய் வாய் வைத்ததில் எனக்கு வந்த கோபம் கொஞ்சம்தான். அவள் வரவில்லையே என்பதுதான் மிச்சமெல்லாம். ஆனால் அதை யார்மேல் காட்டினேன்? அவனைத் தூக்கிக்கொண்டு குழம்பு வழிகிற வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தவள்மேல். "பேரப்புள்ளைய கொண்டாந்து காட்டுவீங்கன்னு பாத்தா, நாய கொண்டாந்து உங்கத்த சோத்துல வாய் வைக்க விடுறீங்களா? வயித்துல ஒன்னு தங்கல, அதுக்கு பதிலு இதுவா?" என்றேன். எழுதும்போதே கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் வெறும் "கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்" என்று ஆகிவிடும். ஏதோ சொல்லவில்லை. இதைத்தான் சொன்னேன். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் சொன்னேன். அவளுக்குக் கரு கலைந்தது எனக்குத் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. தெரிந்துதான் சொன்னேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று பார்த்து அடித்தேன். அவள் உன்னைப் பார்த்து, "போலாங்க" என்றாள். தீபாவளி விடிவதற்குள் நீங்கள் ஈப்போ போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

தைப்பூசத்துக்கு வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை. நானும் வீம்பாக இருந்தேன். மருமகள்தான் முதலில் பேசட்டும் என்றிருந்தேன். அப்புறம்தான் ஷர்மிளாவின் அப்பாவுக்கு ஜொகூரில் ஆபரேஷன் என்று நீ போன் பண்ணினாய். நாய்களை வைத்துப் பார்க்கிற இடத்தில் போபோவின் மூச்சைக் கேட்டுவிட்டு மாட்டோம் என்றார்களாம். "அவளுக்கு விருப்பமில்லப்பா. வேற வழியில்லலா" என்றாய். உண்மையைச் சொன்னதற்கு உனக்கு நன்றி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்னை விட்டுப் போனது போனதுதான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. கொண்டுவா என்றேன்.

அன்றைக்கே ஷர்மிளா குரல் செய்தி அனுப்ப ஆரம்பித்தாள். குழம்புச் சோறு கூடாது, கோழி எலும்பு கூடவே கூடாது. கழுத்தில் பட்டை போடக்கூடாது, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற வார்தான். தரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், காற்றாடி நிற்கக்கூடாது. முகத்து மடிப்பை ஈரத் துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். வெளியே கூட்டிப்போனால் விடியற்காலையில், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்தபிறகு. ஒவ்வொன்றின் முடிவிலும் "அவ்ளோதான் மாமா" என்பாள். கோபத்திலும் அந்த மாமாவை அவள் விடவில்லை. நான் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நாயைப் பார்த்துக்கொள்கிற விவரத்துக்காக இல்லை.

வீட்டை அவனுக்காகத் தயார் பண்ணியதைப் பார்த்தால் உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கொசுவர்த்தியைத் தூக்கிப் போட்டேன். கூடத்து விரிப்பைச் சுருட்டிவிட்டுத் தரையை நானே துடைத்தேன். அடுப்படிக் கதவுக்குக் கீழே பலகை அடித்தேன். சாமி மேடைக்கு முன்னால் என்ன செய்வது என்று ரொம்ப நேரம் நின்று யோசித்தேன். நாயை வெளியே வைப்பதா, சாமிக்குத் தடுப்பு வைப்பதா? கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டதும் அவன் இருமி இருமிக் கண் கலங்கினான். அடுத்த வெள்ளி விளக்கை மட்டும் ஏற்றினேன். இத்தனை வருஷத்தில் என் வீட்டில் சாம்பிராணி இல்லாத வெள்ளி அதுதான். சாமி ஒன்றும் கேட்கவில்லை. யாருக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை நான் இவ்வளவு லேட்டாக, அதுவும் ஒரு நாய்க்காகக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் வெட்கம். இதில் ஒரு பங்கு அன்றைக்கு உன் பெண்டாட்டிக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

நீ அவசரக்காரன், அதனால் சொல்கிறேன். மூக்கு மடிப்பைத் துடைத்துவிட்டு அப்படியே ஓடாதே. உள்ளே ஈரம் நின்றால் நாற்றம் எடுக்கும், புண்ணாகும். காய்ந்த துணியால் ஒற்றி எடு. தட்டைக் காலி பண்ணிவிட்டு, பிறந்ததிலிருந்து சோறே காணாதவன் மாதிரி உன்னைப் பார்ப்பான். ஏமாறாதே, ஏற்கெனவே வயிறு தரையில் தட்டுகிறது. ராத்திரியில் குறட்டை விடுவான். முதல் ரெண்டு நாள் அந்தச் சத்தத்தில் என்னால் படுக்க முடியவில்லை. உன் அம்மா நினைப்பு வந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பிறகு அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

இனி எழுதப்போவதை நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒருநாள் சாயந்திரம் மேகம் போட்டிருந்தது. வெயில்தான் இல்லையே என்று எனக்குள் இருக்கிற தோட்டத்துக்காரன் சொன்னான். நாய் என்றால் நடக்க வேண்டாமா, இப்படியா தரையோடு தரையாகக் கிடக்கும்? பொழுது சாயட்டும் என்று ஷர்மிளா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடைத்தெருப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். மேகம்தான் மேலே இருந்தது; தார் ரோடு பகலெல்லாம் குடித்த சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவன் உட்கார்ந்தான். சோம்பேறி என்று வாரை இழுத்தேன். மறுபடி கொஞ்சம் நடந்து, கால் பரப்பி விழுந்துவிட்டான். நாக்கு நாவல்பழ நிறமாகிவிட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைத் தெருவே பார்த்தது. முக்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற பாயைத் தெரியுமல்லவா, அவர் என்னைப் பார்த்ததும் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பிட வருகிறவர்களுக்காக ஓடுகிற பெரிய காற்றாடியை எங்கள் பக்கம் திருப்பினார். தண்ணீரை ஊற்ற ஊற்ற நான் "போபோ, போபோ" என்று கத்தினேன். பிறகு அவரே வேனை எடுத்தார். "பாய், நாய் எச்சி ஒட்டிக்குமே, உங்களுக்கு ஆகாதே..." என்று நான் இழுத்தேன். "உசுருதானேண்ணே. ஏறுங்க. நா அப்புறமா கழுவிக்கிறேன்" என்றார். என் வீட்டு விசேஷத்தில் என் சொந்த மருமகளுக்கு நான் காட்டாத தாட்சண்யம் அது.

கிளினிக்கில் அவனை உள்ளே கொண்டுபோய் மூச்சுக்கு வாயு வைத்தார்கள். நான் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்கு வந்த நினைப்பு, ஷர்மிளா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான். அந்த நேரத்திலும் என் மானம்தான் பெரிதாக இருந்தது. அப்புறம்தான் அவன் சாகக்கூடாதே என்று நினைத்தேன், அப்புறம்தான் அழுதேன். என் சட்டையெல்லாம் அவன் முடி. உள்ளே போக முடியாது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது உன்னுடைய அந்தப் போன் நினைவுக்கு வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து "தங்கலப்பா" என்றாய். நான் தொழிற்சாலையில் வேலையில் இருந்தேன். "சரி விடு, அடுத்தது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தேன். உன் அம்மா பஸ் ஏறி வந்து ஷர்மிளாவுக்குப் பத்தியச் சோறு சமைத்துப் போட்டாள். நான் வரவில்லை. லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லை. ஷர்மிளாவும் இப்படித்தானே வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று காத்திருந்திருப்பாள்? இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு நாய்க்காகப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

அவன் பிழைத்தான். சீன டாக்டரம்மா என்னை நன்றாகத் திட்டினார், மலாயில். அன்றைக்கு இரவு நீ போன் பண்ணி எப்படி இருக்கிறான் என்று கேட்டபோது, "நல்லா இருக்கான்லா, இப்பதான் சாப்ட்டான்" என்றேன். அது பொய். ஷர்மிளாவிடம் இதை நீ கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் அவனை இனி என்னிடம் விடவே மாட்டாள். விட வேண்டாம். அவன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று அங்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அதுதான் முக்கியம்.

நேற்று பாலிங் போய் வந்தேன். உன் அத்தையையும் மாமாவையும் உட்காரவைத்து, அன்றைக்கு நான் பேசியது தப்பு, பின்கதவைத் திறந்துபோட்டதும் நான்தான் என்று சொன்னேன். பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லுக்கு மூலையில் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது பாதிகூட ஆகாது. உன் அத்தை, "மாமனாரு போயி மருமக கிட்ட மன்னிப்பு கேக்குறதா? எங்கண்ணே நடக்குது இதெல்லாம்?" என்று வாயில் கை வைத்தாள். "ஈப்போவுல நடக்கப் போவுது" என்றேன். அவள் கோபித்துக்கொண்டு டீ கூடப் போடவில்லை.

உன்மேலும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. உனக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட என்மேல்தான் அது போய்ச் சேர வேண்டும். அன்றைக்கு நான் கத்தியபோது நீ ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்றாய். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுமோ என்று பயந்தாய். நாயைக் கட்டிக்கொண்டு அவள் தனியாக நின்றாள். சின்ன வயதில் நீ எதிர்த்துப் பேசினால் நான் பெல்ட்டைத் தேடுவேன்; அந்தப் பயம் உன் எலும்பில் இறங்கிவிட்டது. நல்ல பிள்ளை, அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது வேறு ஊரிலிருந்து வந்த இன்னொருவர் மகள். அப்பா தப்பாகப் பேசினால், அப்பா, வாயை மூடுங்கள் என்று சொல்லலாம். நான் சொல்கிறேன், சொல்லலாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் எதற்கு வருகிறேன் என்று ஷர்மிளாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. திடீரென்று வந்து நின்று அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை அனுப்பு, வர மாட்டேன். ஏன் என்றும் கேட்க மாட்டேன். வரலாம் என்றால், கேட்டுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சாயந்திர பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவள் இஷ்டம். நீ அவளுக்குக் கண் காட்டாதே. எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. வயசானவர் வெயிலில் நிற்கிறாரே என்று என் பக்கத்தில் வந்து நிற்காதே. அவள் பக்கத்தில் நில்.

அப்பா